நேரக் கணக்கும் நேர்மையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

வேலைக்கு வந்தவர் எப்பொழுது வந்தார், எப்பொழுது சென்றார் என்று எழுதி வைப்பது புதிய வழக்கம் அன்று. ஆலைச் சங்கு ஊதியதும் அட்டையைப் பொறியில் செருகி நேரம் பதித்த பெரியோர் இவ்வவையிலும் இருத்தல் கூடும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்திற்கு 48 மணி என வரம்பு கட்டி, அதற்கு மேற்பட்ட உழைப்புக்கு இருமடங்கு கூலி விதித்தது. எனவே, நேரம் பிழைத்தால் கூலி பிழைக்கும்.

அட்டையின் இடத்தை இன்று பல இடங்களில் கைப்பேசி பிடித்துவிட்டது. ஒரு சிறு நிறுவனத்துக்காக நாங்கள் சிலர் அத்தகைய நேரப்பதிவுச் செயலியை அமைத்தோம். பந்தியில் அமர்ந்தவர் இலையைக் காண்பார், அடுக்களையைக் காணார். செயலியின் அடுக்களையே 'சர்வர்' எனப்படும் வழங்கி. அதனை அமைத்த முறையையும், அதில் நாங்கள் செய்த ஒரு பிழையையும் கூறவே இங்கு வந்துள்ளோம்.

முதற்கண் தரவுத்தளம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-இல் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த 'போஸ்ட்கிரெஸ்' என்னும் கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தோம். பணியாளர், பணி, நேரப்பதிவு என மூன்று அட்டவணைகள் வகுத்தோம். முடிவு நேரம் தொடக்க நேரத்திற்கு முற்பட்டதாக இருத்தல் ஆகாது. ஒருவருக்கு முடிவுறாத பதிவு ஒரே வேளையில் இரண்டு இருத்தல் ஆகாது. இவ்விரு விதிகளையும் தரவுத்தளத்திலேயே பொறித்தோம். அவசரத்தில் ஒருவர் பொத்தானை இருமுறை அழுத்தினாலும், நாங்கள் எழுதிய நிரல் தவறினாலும், தரவுத்தளம் அப்பதிவை ஏற்க மறுத்துவிடும்.

அடுத்தது கடிகாரம். கைப்பேசியின் கடிகாரத்தை யாரும் திருப்பி வைக்கலாம். ஆதலின் பொத்தானை அழுத்திய செய்தி வந்து சேரும் கணத்தை வழங்கியே தன் கடிகாரத்தில் குறித்துக்கொள்ளும். கடவுச்சொற்களை உள்ளபடியே வைக்காமல், 1999-இல் வெளியான 'பிகிரிப்ட்' முறையால், மீட்டெடுக்க இயலாத வடிவில் உருமாற்றி வைத்தோம். நாள்தோறும் காப்புநகல் எடுத்தோம். எடுத்ததோடு நில்லாது, அதிலிருந்து கணக்கை மீட்டும் பார்த்தோம். மீட்டுப் பாராத நகலை நம்புதல் பேதைமை.

இத்தனை செய்தும் பிழைத்தோம். அந்நிறுவனத்தில் ஓர் அம்மையார் காலை 5 மணிக்கு வந்து பகல் 1 மணிக்குச் செல்பவர். மாதந்தோறும் அவருக்கு 8 மணி நேரக் கூலி குறைந்தது. "கணிப்பொறி பொய் சொல்லாது" என்று அவரிடம் கூறினர். அவரோ ஒரு சிறு குறிப்பேட்டைக் கொணர்ந்து காட்டினார். வந்த நேரமும் சென்ற நேரமும் அதில் நாள் தவறாமல் எழுதப்பட்டிருந்தன.

ஆராய்ந்தபோது எங்கள் தவறு வெளிப்பட்டது. வழங்கியின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடியது. இந்திய நேரம் அதனினும் 5 மணி 30 நிமிடம் முன்னது. நமக்கு முதல் தேதி காலை 5 மணி என்றால், வழங்கிக்கு அது முந்தைய மாதக் கடைசி நாளின் இரவு 11.30 மணி. அந்த மாதத்துக் கணக்கோ கடைசி நாள் மாலையிலேயே முடிக்கப்பட்டிருக்கும். இவ்வாறு ஒவ்வொரு முதல் தேதியின் உழைப்பும் மூடிய ஏட்டுக்குள் விழுந்து மறைந்தது.

நேரத்தைப் பொது நேரத்தில் சேமித்தது தவறன்று. அதுவே செம்மையான முறை. எந்த நாளின் வேலை, எந்த மாதத்தின் வேலை என்று பிரிக்கும்போது இந்திய நேரத்திற்கு மாற்றாமல் விட்டதே தவறு. சென்னை வானாய்வகத்தில் கோல்டிங்காம் 1802-இல் கணித்த நேரம் ஒன்று. 1906-இல் வந்த இந்திய நேரம் மற்றொன்று. நேரம் என்பது இடத்தோடு சேர்த்தே எழுதப்பட வேண்டியது என்பதை நம் நாட்டு வரலாறே காட்டியும் நாங்கள் மறந்தோம்.

நிரலைத் திருத்தினோம். நிறுவனத்தார் விடுபட்ட கூலியைக் கணக்கிட்டு அளித்தனர். அதன்பின் மேலும் இரண்டு ஏற்பாடுகள் செய்தோம். எப்பதிவைத் திருத்தினாலும் பழைய பதிவு அழியாது. திருத்தியவர் பெயரும் நேரமும் உடன் நிற்கும். பணியாளர் ஒவ்வொருவரும் தம் மாதக் கணக்கைக் கூலி நாளுக்கு முன்னரே தம் மொழியில் படித்துப் பார்க்கலாம்.

இத்துறையில் பணியாற்றும் இளைஞர்கள் இச்சங்கத்தில் பலர் உள்ளனர். அவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. கணிப்பொறியின் ஏடும் கைக்குறிப்பேடும் மாறுபட்டால், முதலில் ஐயுற வேண்டியது கணிப்பொறியையே. அதற்குப் பசி இல்லை. குறிப்பேடு எழுதியவருக்கு உண்டு.