புதினத்தில் புலப்படும் நெஞ்சம்



கட்டுரை எழுதுவோன் தன் உள்ளத்தை ஓரளவு மறைத்துக் கொள்ளலாம். புதினம் எழுதுவோனுக்கு அஃது அரிது. யாரை உயர்த்துவது, யாரை நகையாடுவது, எவர் வாயில் எச்சொல்லை வைப்பது என்று அவன் பக்கந்தோறும் முடிவு செய்தாக வேண்டும். அம்முடிவுகளே அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். தமிழின் முதற் புதினமே இதற்குச் சான்று.

1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' மாயூரம் வேதநாயகர் எழுதியது. 1826-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்த அவர், முன்சீப்பாக அமர்ந்து வழக்குகளைத் தீர்த்தவர். 1859-இல் 'நீதிநூல்' இயற்றியவர். தம் முன்னைய நூல்களிற் கூறிய அறங்களுக்குக் கதைவழியே எடுத்துக்காட்டுத் தருவதும் தம் நோக்கமென முன்னுரையிலேயே உரைத்தவர்.

எனினும், அறிவுரை கூறும் இடங்களைவிடக் கதை நிகழும் இடங்களிலேயே அவர் நெஞ்சம் தெளிவாகத் தெரிகிறது. செல்வர் வீட்டுப் பிள்ளை பிரதாபன் பாடத்தில் தவறினால், அடி வாங்குபவன் கனகசபை என்னும் வேறொரு சிறுவன்! படிப்போர் நகைக்கின்றனர். ஆனால், குற்றம் ஒருவனது, ஒறுப்பு மற்றொருவனுக்கு என்னும் அக்கொடுமையைக் கண்டு பொறாதது, வழக்குமன்றத்தில் அமர்ந்து பழகிய கண்ணன்றோ?

பெண்கல்விக்காகப் 'பெண்மதி மாலை' பாடியவர், கதையிலும் ஞானாம்பாளையே அறிவில் மேம்பட்டவளாகப் படைத்தார். கணவனைத் தேடி ஆண்கோலத்தில் செல்லும் அவளுக்குப் பட்டத்து யானை மாலை சூட்ட, அவள் விக்கிரமபுரியை ஆள்கிறாள், நன்றாகவே ஆள்கிறாள். ஆனால், அரியணை ஏற அவளுக்கு ஆண்கோலம் வேண்டியிருந்தது. இறுதியில் ஆட்சியை விட்டு இல்லம் திரும்புகிறாள். ஆசிரியர் எவ்வளவு தொலைவு நடந்தார், எங்கே நின்றார் என்பதையும் அப்புதினமே அளந்து காட்டுகிறது.

மொழி பற்றிய பகுதியே உள்ளத்தைத் தைப்பது. வழக்காடுவோனும் தமிழன், நடுவரும் தமிழர், மன்றத்தின் மொழியும் தமிழ். அவ்வாறிருந்தும் ஆங்கிலத்தில் வாதிடும் வழக்குரைஞரைக் கதையின் நடுவே கடிந்துரைக்கிறார். இது வெறும் மேடைப்பேச்சன்று. 1805 முதல் 1861 வரையிலான மன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்ட கை எழுதிய சொற்கள் அவை. வாழ்வில் செய்தது கதையிலும் வந்தமையால்தான் அப்பகுதி இன்றும் சுடுகிறது. 2006-இல் தமிழகச் சட்டமன்றம் முடிவெடுத்துக் கேட்ட பின்னும், சென்னை உயர் அறமன்றத்தின் மொழி ஆங்கிலமாகவே இருக்கிறது.

ஆயினும் ஓர் உண்மையைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. ஆங்கிலத்தின் ஆட்சியைக் கண்டித்த அதே உரைநடையில் வடசொற்கள் மலிந்து கிடக்கின்றன. நூற்பெயரே அதற்குச் சான்று. அற்றைக் கற்றோர் நடை அது. அவர் மறைந்தது 1889-இல். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்டது 1916-இல். எனவே அவரைப் பழித்தல் முறையாகாது. ஆனால் பாடம் ஒன்று உண்டு. எழுத்தாளன் எண்ணித் தெளிந்த கொள்கை மட்டுமன்று, எண்ணிப் பாராமல் ஏற்றுக்கொண்ட பழக்கமும் எழுத்தில் வந்து அமர்ந்துவிடுகிறது. முன்னதை அவன் அறிவான். பின்னதைப் படிப்போரே அறிவர்.

ஆகவே, புதினம் எழுதப் புகும் இளைஞர்காள்! தமிழ்ப்பற்றைக் கதைத்தலைவன் வாயில் சொற்பொழிவாக வைத்துவிட்டால் போதும் என்று எண்ணாதீர்கள். அவன் வீட்டில் பெண்மகள் எவ்வாறு நடத்தப்படுகிறாள்? ஏவலாளை அவன் எச்சொல்லால் அழைக்கிறான்? தன் பிள்ளைக்கு என்ன பெயரிடுகிறான்? அவ்விடங்களில்தான் உங்கள் உள்ளம் அகப்படும். நெஞ்சைத் திருத்திய பின் எழுதுகோலை எடுங்கள். அதன்பின் கொள்கையைப் பறைசாற்ற வேண்டியதில்லை. கதையே அதனைச் சொல்லும்.

வெல்க தமிழ்!