எம்.சி.பி. விழுந்தால் எம்.சி.பி.யை மாற்றாதீர்கள்

(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2024 செப்டம்பர் 12 விடியற்காலையில், பெரியார் பேருந்து நிலையம் பக்கம் கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதி தீப்பிடித்து உயிரிழப்பு ஏற்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். ஃபிரிட்ஜில் தொடங்கிய தீ. இப்படி எது நடந்தாலும் ‘மின்கசிவு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வார்த்தைக்குள் பல கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றுக்கு மாட்டிய கருவி மற்றொன்றைத் தடுக்காது.

முதலில் ஓவர்லோடு. நம் கட்டடத்துக்கு வயரிங் செய்தபோது சமையலறைக்கு மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் இவ்வளவுதான் கணக்கு. இன்று அதே லைனில் இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட், ஏர் ஃப்ரையர் 1500, கெட்டில் 1500. கூட்டினால் 5000 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 22 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு விழும். அது ரிப்பேர் இல்லை, தன் வேலையைச் செய்கிறது.

இங்கேதான் பலர் வீட்டில் தவறு நடக்கிறது. “அடிக்கடி விழுது சார்” என்று சொன்னால், வருகிறவர் 32 ஆம்பியர் மாட்டிவிட்டுப் போகிறார். அதன் பிறகு விழவே விழாது. 36 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கும். ஆனால் சுவருக்குள் இருப்பது அதே 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்புக் கம்பி. பைப்புக்குள் அது தாங்குவது 20 ஆம்பியரை ஒட்டித்தான். சூடாவது கம்பி, நமக்குத் தெரியாது. ஈடு வாங்காமல் ஓவர்டிராஃப்ட் வரம்பை இரட்டிப்பாக்குவது போன்றது இது.

எம்.சி.பி.யைக் கம்பியைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், சாமானைப் பார்த்து அல்ல. லைட், ஃபேனுக்கு 1.5 கம்பி, 6 அல்லது 10 ஆம்பியர். பவர் பிளக்குக்கு 2.5 கம்பி, 16 ஆம்பியர். ஒன்றரை டன் ஏ.சி.க்கு 4 கம்பி, 20 ஆம்பியர், தனி லைன். முகப்பில் பி, சி என்று எழுத்து இருக்கும். பி என்றால் 3 முதல் 5 மடங்கு மின்னோட்டத்தில் உடனே விழும்; சி என்றால் 5 முதல் 10 மடங்கு. மோட்டார் கிளம்பும்போது ஒரு இழுப்பு இழுக்கும் என்பதால் ஏ.சி., ஃபிரிட்ஜ் லைனுக்கு சி. சமையலறைக்கு மருந்து, டி.பி. பெட்டியிலிருந்து இரண்டாவதாக ஒரு லைன் இழுப்பதுதான். செலவுதான், வேறு வழியில்லை.

பிளக் பாயிண்ட் கருகியிருந்தால் பெரும்பாலும் ஸ்குரூ தளர்ந்திருக்கும். எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் ஓடும் கரண்ட் கூடவில்லை. தளர்ந்த இடம் மட்டும் சுடுகிறது. வெறும் சாக்கெட்டை மாற்றினால் மூன்று மாதத்தில் மறுபடி கருகும். கறுத்த கம்பியைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள சாக்கெட்டில் இறுக்கி முடுக்கச் சொல்லுங்கள். நீளம் போதாவிட்டால் ஒட்டுப் போட விடாதீர்கள், புதுக் கம்பி இழுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஷாக். உயிரை எடுக்க 16 ஆம்பியர் வேண்டாம், அதில் மிகச் சிறு பகுதி போதும். எனவே எம்.சி.பி. இங்கே உதவாது, ஆர்.சி.சி.பி. வேண்டும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர். மத்திய மின்சார ஆணையத்தின் 2023 விதிகளும் அந்த அளவைத்தான் சொல்கின்றன. அதே நேரம் ஆர்.சி.சி.பி. ஓவர்லோடைக் கவனிக்காது. இரண்டும் வேண்டும்.

“ஆர்.சி.சி.பி. போட்டேன், நிற்கவே மாட்டேங்குது” என்று கழற்றி வைத்தவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். கீசர் காயில் கசிகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் இன்வெர்ட்டரைச் சந்தேகப்படுங்கள். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை வேறு லைன் நியூட்ரலோடு சேர்த்து முறுக்கியிருப்பார்கள். போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் கணக்கு ஒத்துவராது, ஆர்.சி.சி.பி. விழும். நியூட்ரலைப் பிரித்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று: மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இருக்கும். அதையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே யாரும் கை வைக்க வேண்டும். வேலைக்கு வருபவரிடம் கம்பியாளர் தகுதிச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் டி.பி. பெட்டியைத் திறந்து, பவர் பிளக் லைனில் 25, 32 என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஆர்.சி.சி.பி. இருந்தால் அதிலுள்ள ‘டி’ பட்டனை அழுத்துங்கள். விழாவிட்டால் கரண்ட் இருக்கும்போதுதான் அழுத்தினீர்களா என்று பார்த்து, என்னிடம் சொல்லுங்கள்.