டவுன் ஹால் கட்டினார்கள், நாடகம் குடியேறியது

சென்னை சென்ட்ரலுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் இடையில் நிற்கும் செங்கல் கட்டடத்துக்கு விக்டோரியா பப்ளிக் ஹால் என்று பெயர். இதை நாடகக் கொட்டகையாக நினைத்து யாரும் கட்டவில்லை. நகரத்துப் பெரிய மனிதர்கள் கூடிப் பேச ஒரு டவுன் ஹால் வேண்டும் என்ற விருப்பத்தில் 1883 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள்; கல்லை நாட்டியவர் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு. இடம், பீப்பிள்ஸ் பார்க்கில் ஒரு பகுதி. விக்டோரியா ராணி அரியணை ஏறி 50 ஆண்டு நிறைந்ததை ஒட்டி 1888இல் அவர் பெயரை வைத்தார்கள்.

வரைபடம் ராபர்ட் சிசோமுடையது. சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸும் திருவனந்தபுரத்து நேப்பியர் மியூசியமும் அவர் கைவண்ணம்தான். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். சுவர் நெடுகச் சிவப்புச் செங்கல். வடக்கிலும் தெற்கிலும் மெலிந்த தூண்கள் தாங்கும் வளைவுத் தாழ்வாரங்கள். கீழே ஒரு மண்டபம், மாடியில் ஒரு மண்டபம்.

அண்ணாந்து பார்க்க வேண்டியது சதுரக் கோபுரத்தை. அதன் உச்சி விளிம்பில் ஓடும் சுடுமண் வேலைப்பாடு அரபு எழுத்தணியைப் போலத் தோன்றும். அதற்கு மேலே கவிழ்ந்திருப்பதோ திருவிதாங்கூர் பாணிக் கூம்புக் கூரை. இத்தாலியச் சாயலில் எழும் கோபுரத்துக்குக் கேரளத்துக் கூரை எப்படிப் பொருந்தும்? பொருந்துகிறது. நேப்பியர் மியூசியத்தில் மலையாளத்துத் தச்சு மரபோடு பழகிய கை இது என்பதை நினைத்தால் வியப்பு குறையும், மதிப்பு கூடும்.

மேடை கிடைத்தது; அதில் ஏற ஆள் வேண்டுமே. அக்காலத்தில் நாடகக்காரன் என்றால் படித்த குடும்பங்கள் முகம் சுளித்தன. இளைஞர் பம்மல் சம்பந்தமும் தமிழ் நாடகத்தை மதித்தவரல்லர். 1891இல் பல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாசார்லு குழுவின் தெலுங்கு நாடகங்கள் அவரைத் திருப்பிப் போட்டன. குழுத் தலைவரே ஒரு வக்கீல்! வக்கீல் வேஷம் கட்டலாம் என்றால் தமிழிலும் அது ஏன் கூடாது? அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதி, நண்பர்கள் சிலரோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18.

சபையின் முதல் நாடகமான ‘புஷ்பவல்லி’ 1893இல் அரங்கேறியது இந்த ஹாலில்தான். ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசைக்கும் குரல் எட்ட வேண்டும். பாட்டே நாடகம் என்றிருந்த நாளில் சம்பந்த முதலியார் உரைநடை வசனத்தை நம்பினார். ‘மனோகரா’ எழுதினார், ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார். பெண் வேஷத்தில் ரங்கவடிவேலு அவருக்கு இணையாக நின்றார். பிற்பாடு ஸ்மால் காஸ் கோர்ட் நீதிபதியான பிறகும் சம்பந்த முதலியார் நாடகத்தை விடவில்லை. நீதிபதி வேஷம் கட்டும் ஊரில் நடிகனை இழிவாகப் பேச எத்தனை பேருக்கு வாய் வரும்? தமிழ் நாடகத்துக்கு இந்தக் கட்டடம் செய்த பெரிய உதவி அந்த மரியாதைதான். கோபுர அழகெல்லாம் அதற்கு அடுத்தபடி.

1897 பிப்ரவரியில் விவேகானந்தர் இங்கே உரையாற்றினார். சினிமா சென்னைக்கு வந்த தொடக்க நாட்களில், அசையும் படத்தை மக்கள் பார்த்ததும் இந்த ஹாலில்தான். நாடகத்தின் ஆட்களைப் பின்னாளில் அள்ளிக்கொண்டு போன கலை, நாடகத்தின் வீட்டிலேயே முதலில் காலூன்றியது. 1936 வாக்கில் சபை மவுண்ட் ரோட்டுக்குப் போனது. ‘மனோகரா’ 1954இல் மு. கருணாநிதி வசனத்தில், சிவாஜி கணேசன் நடிப்பில் படமாக வந்து ஊரெங்கும் ஓடியது. அது பிறந்த காலத்து மேடையோ நாடகம் குறைந்து, பராமரிப்பும் குறைந்து, நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது.

மாநகராட்சி அண்மையில் எடுத்த சீரமைப்பு வரவேற்க வேண்டியது. சுண்ணாம்பும் செங்கல்லும் பழைய நிறத்துக்குத் திரும்பினால் மட்டும் போதாது. வாடகைக்குப் பயந்து நல்ல அரங்கம் கிடைக்காமல் தவிக்கும் நாடகக் குழுக்கள் சென்னையில் இன்றும் உண்டு. ஆண்டில் சில வாரங்களாவது அவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் இந்த மேடையை ஒதுக்க மாநகராட்சி முன்வர வேண்டும். முதல் நாடகமாக ‘புஷ்பவல்லி’யையே போடலாம்.