கண்ணாடி அறையும் கம்பி கிரில்லும்



செங்குன்றத்து அரிசி மண்டிகளைத் தாண்டி ஜி.என்.டி. சாலையில் வடக்கே போனால் சோழவரம். ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தப் பெயரைச் சொன்னால் ஏரியும், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த மோட்டார் பந்தயமும்தான் நினைவுக்கு வரும். இப்போது மனைப்பிரிவுகளும் வில்லா வீடுகளும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்கள், மண்டி வியாபாரிகள், ஓய்வு பெற்றவர்கள் என்று பலரும் இங்கே வீடு கட்டுகிறார்கள். கட்டி முடித்த சில வருடங்களில் பலருக்கும் ஓர் ஆசை வருகிறது. பின்பக்கம் காலியாகக் கிடக்கிற இடத்தில் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்து ஓர் அறை எடுத்தால் என்ன? மழை பெய்வதை உள்ளேயிருந்தே பார்க்கலாம், பூந்தொட்டி வைக்கலாம்.

ஆசையில் தப்பில்லை. ஆனால் அந்த அறை வந்ததும் வீட்டின் காவல் கணக்கு மாறிவிடுகிறது.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு வெளிச்சம் புதிதல்ல. நடுவில் வானம் தெரிகிற முற்றம் வைத்தே நம்மவர்கள் வீடு கட்டினார்கள். அந்தத் திறப்பின் மேல் இரும்புக் கம்பி பாய்ச்சினார்கள். வெளிச்சமும் மழையும் வரும், ஆள் வர முடியாது. பிறகு வந்த மாடி வீடுகளிலும் ஜன்னலுக்குக் கம்பி, வராந்தாவுக்கு கிரில் கேட் என்று அதே யோசனைதான் தொடர்ந்தது. கண்ணாடி அறை கட்டும்போதுதான் முதல் முறையாக, "கம்பி வேண்டாம், பார்வைக்கு நன்றாக இல்லை" என்கிறோம்.

இந்த வட்டாரத்துக்காரர்களுக்குத் திருட்டு பயத்தைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2005 ஜனவரி 9 அதிகாலை, பெரியபாளையம் அருகே தானாகுளம் கிராமத்தில் கும்மிடிப்பூண்டித் தொகுதி எம்.எல்.ஏ. கே.சுதர்சனத்தின் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு ஒரு கும்பல் உள்ளே புகுந்தது. அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு நகைகளோடு தப்பியது. நெடுஞ்சாலையோரத்தில் தனித்து நிற்கிற வீடுகளைக் குறிவைத்து, வட மாநிலங்களிலிருந்து லாரிகளில் வந்து போன கும்பல் அது. காவல்துறை அதிகாரி எஸ்.ஆர்.ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை கைரேகைகளை வைத்துக்கொண்டு வடக்கே மாநிலம் மாநிலமாக அலைந்து ஆட்களைப் பிடித்தது. 2017-இல் வந்த 'தீரன் அதிகாரம் ஒன்று' படத்துக்கு இந்தப் புலனாய்வுதான் அடிப்படை. வழக்கு இருபது ஆண்டு இழுத்தது. 2025 நவம்பரில்தான் சென்னை நீதிமன்றம் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்தக் கும்பலை ஒரு சமூகத்தின் பெயரால் அழைப்பது வழக்கமாகிவிட்டது. அந்தச் சமூகத்தில் பிறந்து உழைத்துப் பிழைக்கிறவர்களுக்கு அது பெரிய அநியாயம். அதனால் அந்தப் பெயர் இங்கே வேண்டாம்.

அன்று உடைந்தது கண்ணாடி அல்ல, கதவு. வந்தவன் ஆயுதத்தோடும் ஆட்களோடும் வந்தால் மரமும் நிற்பதில்லை. ஆக, கண்ணாடி பலவீனமானது, மரம் பலமானது என்று கோடு போட்டுப் பிரிப்பதில் அர்த்தமில்லை. எது எத்தனை நிமிடம் தாங்கும், அதற்குள் எவ்வளவு சத்தம் எழும், அந்தச் சத்தம் யார் காதில் விழும் என்பதுதான் கேள்வி. சாதாரண வீட்டுத் திருடனுக்கு அந்த நிமிடங்கள்தான் உயிர்.

கடையில் போய்க் கேட்டால் "டஃபன் கிளாஸ் போடுங்க சார், சுத்தியாலே அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்பார்கள். பாதி உண்மை. கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சி, காற்றை வேகமாகப் பீய்ச்சி, சட்டென்று குளிரவைத்தால் சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலு கூடும். ஆனால் ஓரத்தில் ஓர் இடத்தில் கூர்மையாக அடிபட்டால் போதும், மொத்தப் பலகையும் கற்கண்டு போலப் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். கையைக் கிழிக்காது, அதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். குழந்தை மோதினாலும் பெரிய காயம் படாது. அதே காரணத்தால் திருடனுக்கும் படாது! உதிர்ந்த பிறகு ஆள் நுழையும் அளவுக்கு வாசல் தயார்.

திருட்டுக்கு எதிராக நிற்பது லேமினேட்டட் கண்ணாடி. 1903-இல் எதுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் ஆய்வறையில் ஒரு குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டதே தவிர, சிதறவில்லை. உள்ளே முன்பு இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் உலர்ந்து மெல்லிய படலமாக ஒட்டியிருந்ததுதான் காரணம். அந்த யோசனையிலிருந்து வந்ததுதான் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டுகிற முறை. நம் கார்களின் முன்கண்ணாடி அதுதான். உடைந்தாலும் சட்டத்தை விட்டு விழாது. ஐரோப்பாவில் இதற்குத் தனித் தர அளவே உண்டு. கீழ்ப் படிகளில், நான்கு கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள இரும்புக் குண்டை உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பார்கள். மேல் படிகளில் கோடரி. கோடரிப் படிகளில் முதலாவதைத் தொடவே முப்பது வெட்டுக்கு மேல் தாங்க வேண்டும்.

அப்படிப்பட்ட கண்ணாடியையே போட்டாலும், அதைப் பிடித்திருக்கிற சட்டம் மோசமாக இருந்தால் காசு தண்டம். கண்ணாடியைத் தாங்கும் பீடிங் பட்டை வெளிப்பக்கம் இருந்தால், கண்ணாடியை உடைக்காமலே கழற்றிவிடலாம். பிரிட்டனில் பழைய கண்ணாடி அறைகளில் இருந்த பெரிய ஓட்டை இதுதான். ஸ்லைடிங் கதவு என்றால், மேலே இடைவெளி அதிகமிருந்தால் கதவையே தூக்கித் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிடலாம். தூக்க முடியாதபடி மேலே ஒரு கட்டை வைக்கச் சொல்லி ஃபேப்ரிகேட்டரிடம் கேட்க வேண்டும். இரவில் கீழ்த் தடத்தில் அளவாக வெட்டிய ஒரு குழாயையோ கம்பையோ கிடத்தினால் கதவு நகராது. செலவில்லாத வேலை இது. ஆனால் எத்தனை வீடுகளில் செய்கிறார்கள்?

முன்பு சொன்ன நிமிடக் கணக்குக்குப் பெரிய இடத்து உதாரணமும் உண்டு. 2025 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை காலை. பாரிஸ் லூவர் அருங்காட்சியகம் திறந்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. சாமான் ஏற்றுகிற ஏணி வண்டியை வெளியே நிறுத்தி, மேல்தளத்து ஜன்னலை வெட்டும் இயந்திரத்தால் அறுத்து உள்ளே போனார்கள். சில நிமிடங்களில் பிரெஞ்சு அரச குடும்பத்து நகைகளோடு இறங்கிவிட்டார்கள். நம் ஊரில் வேறு விதம். 2019-இல் திருச்சி லலிதா ஜுவல்லரி, 2021-இல் வேலூர் ஜோஸ் ஆலுக்காஸ் இரண்டிலும் முன்பக்கக் கண்ணாடியைத் திருடர்கள் சீந்தவே இல்லை. பின்சுவரில் துளை போட்டார்கள். தெருப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்கிறது, பின்பக்கம் இல்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு அறை எடுப்பவர்களும் பெரும்பாலும் பின்பக்கம்தான் எடுக்கிறார்கள் என்பதை இங்கே சேர்த்து யோசிக்கலாம்.

இன்னொன்று, வெளிச்சம். பகலில் உள்ளேயிருந்து வெளியே நன்றாகத் தெரியும். இரவில் விளக்குப் போட்டால் கதை தலைகீழ். டிவி எங்கே, லேப்டாப் எங்கே, தாத்தா எப்போது தூங்கப் போகிறார் எல்லாம் தோட்டத்தில் நிற்பவனுக்குத் தெரியும். திரை போடாத கண்ணாடி அறை நோட்டம் பார்க்க வருகிறவன் வேலையை மிச்சப்படுத்துகிறது. கத்திரி வெயிலில் திருவள்ளூர் மாவட்டத்துப் புழுக்கம் வேறு. அறை சூடேறிவிடும், ராத்திரி காற்றுக்காக ஸ்லைடிங் கதவை ஒரு சாண் திறந்து வைத்துவிட்டுப் படுப்பார்கள். அப்புறம் எந்தக் கண்ணாடியாக இருந்தால் என்ன?

இதற்கெல்லாம் மேலாக, அறை கட்டும் அன்று நடக்கிற ஒரு தவறு இருக்கிறது. இடம் விசாலமாகத் தெரிய வேண்டுமென்று, பழைய பின்கதவைக் கழற்றி, வாசலை அகலப்படுத்தி, ஹாலோடு சேர்த்துவிடுகிறார்கள். இதுவரை வீட்டின் வெளி எல்லையாக இருந்த தேக்குக் கதவும் தாழ்ப்பாளும் பரண் ஏறிவிடுகின்றன. அந்தக் கதவை மட்டும் விட்டு வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். கண்ணாடி அறையை வீட்டுக்கு வெளியே இருக்கிற திண்ணையாக நினைத்து, படுக்கப் போகும்போது உள்கதவைத் தாழிட்டால், திருடன் இரண்டு தடை தாண்ட வேண்டும். கிரில்லும் போடுவேன் என்பவர்கள், உள்ளிருந்து திறக்கிற மாதிரி ஒரு பகுதியாவது வைக்க வேண்டும். தீப்பிடித்தால் தப்பிக்க வழி வேண்டுமே.

சட்டத்தின் கண்ணில் கண்ணாடி, மரம் என்ற பேதம் கிடையாது. ஜன்னல் வழியாக நுழைந்தாலும், கதவு ஓட்டையில் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கினாலும், வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்துத் திறந்தாலும் எல்லாமே வீட்டை உடைத்து நுழைந்ததுதான் என்று 1860-இன் இந்திய தண்டனைச் சட்டமே உதாரணங்களோடு எழுதி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. சூரியன் மறைந்த பிறகு திருடும் நோக்கத்தோடு அப்படி நுழைந்தால் 14 ஆண்டு வரை சிறை.

பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ குடும்பத்தோடு வெளியூர் போகிறவர்கள், தேதியை முன்கூட்டியே காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகலாம். ரோந்து போகிறவர்கள் அந்தத் தெருவையும் ஒரு சுற்று பார்த்துக்கொள்வார்கள். பின்பக்கம் கண்ணாடி அறை இருக்கிறது என்பதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. தெருவிலிருந்து பார்த்தால் அது அவர்களுக்குத் தெரியாது.