நோன்பும் கறுத்த உணவுக்குழாயும்
(கோயம்புத்தூரில் தசலட்சண விழாவில் ஆற்றிய உரை)



நோன்பு நாளில் நோயைப் பற்றிப் பேசலாமா எனச் சிலர் எண்ணக்கூடும். நான்கு தானங்களுள் ஔஷத தானமும் ஒன்றாதலால் துணிந்து பேசுகிறேன்.

கடும் நோயுற்று மருத்துவமனையில் கிடக்கும் சிலருக்கு, உணவுக்குழாயின் உட்சவ்வு மடிந்து, கரி பூசினாற்போல் கறுத்துவிடுகிறது. அக்கருமை கீழ்ப்பகுதியில் மிகுந்து, இரைப்பை தொடங்கும் எல்லையில் கோடு கிழித்தாற்போல் நின்றுவிடும். எண்டோஸ்கோப்பி வழியே இதனைக் கண்டு விவரித்தது 1990-இல்தான். அரிய நோய், முதிய ஆடவரிடம் மிகுதி. இந்நோய் கண்டவருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இறக்கின்றனர். எனினும் பெரும்பாலும் உயிரைக் கொள்வது அதற்கு அடிப்படையான நோயே.

இரத்த ஓட்டம் தளர்தல், இரைப்பை அமிலம் மேலேறுதல், ஊட்டக் குறைவால் சவ்வு வலுவிழத்தல் ஆகிய மூன்றும் கூடும்போது இது நேர்கிறது. இவை கூடுவதற்குரிய ஒரு வழி நம் வீடுகளிலேயே உள்ளது. சர்க்கரை நோயுள்ள பெரியவர் உபவாசம் ஏற்கிறார். உண்ணாத நாளில் மருந்து எதற்கு என்று, எவரிடமும் சொல்லாமல் இன்சுலினை நிறுத்திவிடுகிறார். இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகுகிறது; சிறுநீராக நீர் வெளியேறுகிறது; ஓயாத வாந்தி தொடர்கிறது. டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை உண்போருக்கோ, சர்க்கரை அளவு மிக உயராமலேயே இந்நிலை வரலாம். வழக்கமான அளவை அப்படியே தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும் என்பதும் உண்மை. ஆதலால் நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் அளவைக் கேட்டறிய வேண்டும்.

விசயமங்கலத்தில் சாமுண்டராயரின் தங்கை புல்லப்பை சல்லேகனை நோற்றதன் நினைவுச் சின்னம் உள்ளது. சல்லேகனை, அறிந்து, குருவின் இசைவோடு ஏற்கும் விரதம். மருந்தை மறைத்து நிறுத்துவதை அதனோடு சேர்த்து எண்ண என் மனம் ஒப்பவில்லை. சோடச பாவனைகளுள் சக்திக்கேற்ற தவமும் ஒன்றன்றோ? புறத்தவம் ஆறனுள் உபவாசம் ஒன்றே. சுவை துறத்தலும் அவற்றுள் ஒன்றாகும். அது சர்க்கரை நோயாளிக்கும் இயலும்.

மருத்துவமனையில் உடனிருப்போர் கவனிக்க வேண்டியது, காப்பித்தூள் கரைத்தாற்போன்ற வாந்தியும் தார் போன்ற மலமும். கண்டவுடன் துடைத்துத் தூய்மை செய்துவிடுவது நம் இயல்பு. முதலில் செவிலியரிடம் காட்டுங்கள். நரம்பு வழியே நீரும், அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் செலுத்தி, மூலநோய்க்குச் சிகிச்சை செய்வர். வாய்வழி எதுவும் தரலாகாது என்றால், பாசத்தால் ஒரு கரண்டி கஞ்சியும் ஊட்டாதீர்கள். மடிந்த சவ்வுள்ள குழாயில் துளை விழுந்தால் உயிருக்கே ஆபத்து. நாவறண்டு அவர் நீர் கேட்கும்போது மறுப்பது எளிதன்று. உதட்டை நனைக்கலாமா என்று செவிலியரைக் கேளுங்கள்.

பிழைத்தவருக்குச் சவ்வு பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். சிலருக்குச் சில வாரங்களுக்குப் பின் குழாய் சுருங்கும். வீடு திரும்பியவர் இட்லி நெஞ்சிலேயே நிற்கிறது என்றால், முதுமை என்று விட்டுவிடாமல் மீண்டும் அழைத்துச் செல்லுங்கள். எண்டோஸ்கோப்பி மூலமே அச்சுருக்கத்தை விரித்துவிடலாம்.