ஒப்பிட்டால் முழுதாக ஒப்பிடுவோம்



இளம் அணியைப் பழைய சாதனை அணியோடு ஒப்பிடுவது பயனா, பாரமா? பயன்தான் என்று சொல்ல இந்தப் பட்டிமன்ற மேடைக்கு வந்திருக்கிறேன். ஹாக்கியை வைத்தே சொல்கிறேன். நம் பெங்களூர் ஹாக்கி ஊர்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒன்று கேட்டார். "அண்ணன் வாங்கிய மார்க்கைப் பார் என்று சொல்லிச் சொல்லியே தம்பியை ஒடுக்குகிறோமே, அதைத்தானே இந்தப் பையன்களுக்கும் செய்கிறோம்?" அந்த வலி உண்மை, நடுவர் அவர்களே. 2025 டிசம்பரில் சென்னையில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை அரையிறுதியில் நம் பையன்கள் ஜெர்மனியிடம் 5-1 என்று தோற்றார்கள். 2016இல் லக்னோவில் கோப்பை வென்ற அணியைக் காட்டி இவர்களைத் தாழ்த்திப் பேசுவது அன்றைக்கு மிகச் சுலபம். ஆனால் அதை ஒப்பீடு என்று எப்படி ஏற்பது? ஓர் அணியின் மிக நல்ல நாளை எடுத்து, இன்னோர் அணியின் மிக மோசமான நாளுக்குப் பக்கத்தில் வைப்பது அது. பாதியை மறைத்துவிட்டுப் பார்த்தால் பாரம்தான். முழுதாகப் பார்த்தால் என்ன தெரிகிறது என்று பார்ப்போம்.

2016 டிசம்பர் 18. லக்னோ இறுதிப் போட்டியில் பெல்ஜியத்தை 2-1 என்று வென்றோம். குர்ஜந்த் சிங் ஒரு கோல், சிம்ரன்ஜீத் சிங் ஒரு கோல். அதற்கு முந்தைய ஆட்டம் என்ன ஆனது? அரையிறுதியில் ஆஸ்திரேலியாவோடு 2-2, ஷூட்-அவுட்டில்தான் தப்பித்தோம். இன்று மலைபோலத் தெரிகிற அந்த அணியும் அந்த ஷூட்-அவுட்டில் தவறியிருந்தால் வெளியே போயிருக்கும். 2025 அணியும் காலிறுதியில் அதே பெல்ஜியத்தோடு 2-2 என்று முடித்து, ஷூட்-அவுட்டில் வென்றுதான் அரையிறுதிக்கு வந்தது. பழைய அணியின் கதையை முழுதாகத் தெரிந்துகொண்ட பையனுக்கு இதில் பயம் வருமா, தெம்பு வருமா?

இன்னும் பின்னால் போவோம். 2001 ஜூனியர் உலகக் கோப்பை, ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட். ககன் அஜித் சிங் தலைமையில் தீபக் தாக்கூர், ஜுக்ராஜ் சிங், பிரப்ஜோத் சிங், நம் கர்நாடகத்துக் குடகிலிருந்து போன அர்ஜுன் ஹாலப்பா. இறுதிப் போட்டியில் அர்ஜென்டினாவை 6-1 என்று நொறுக்கினார்கள். திறமையை மட்டும் வைத்துப் பார்த்தால் லக்னோ அணியைவிட இது ஒரு படி மேல் என்பது என் எண்ணம். அந்த அணிக்குப் பிறகு என்ன நடந்தது? மூன்றே ஆண்டில் ஏதன்ஸ் ஒலிம்பிக்கில் ஏழாம் இடம். டிராக் ஃபிளிக்கில் உலகத்தையே மிரட்டிய ஜுக்ராஜ் 2003இல் கார் விபத்தில் சிக்கினார். அது விதி என்று விட்டுவிடுவோம். ஆனால் ஏதன்ஸுக்குச் சில வாரங்களுக்கு முன் பயிற்சியாளர் ராஜிந்தர் சிங்கை மாற்றியது விதியா? 2008 மார்ச்சில் சிலி நாட்டின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் 2-0 என்று தோற்று, ஒலிம்பிக்குக்கே தகுதி பெறாமல் திரும்பினோம். அந்த அணியின் தலைவர் அதே பிரப்ஜோத் சிங்.

ஹோபார்ட்டில் ஆறு கோல் வாங்கிய அர்ஜென்டினாவோ நான்கே ஆண்டில், 2005இல், ஜூனியர் உலகக் கோப்பையை வென்றது. 2016இல் ரியோவில் ஒலிம்பிக் தங்கமும் வாங்கியது. லக்னோவில் தோற்ற பெல்ஜியம் 2018இல் சீனியர் உலகக் கோப்பையையும் டோக்கியோவில் தங்கத்தையும் எடுத்தது. இரண்டு தடவையும் இறுதிப் போட்டியில் ஜெயித்தவர்கள் நாம். ஒலிம்பிக் தங்கம் தோற்றவர்கள் வீட்டில் இருக்கிறது. இந்த உண்மையை ஒப்பிடாமல் யாரால் கண்டுபிடிக்க முடியும்?

எதிரணி நண்பர் எழுந்து, "சரி, ஹோபார்ட் அணியின் கதியிலிருந்து லக்னோ அணி மட்டும் எப்படித் தப்பித்தது?" என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மேடைக்கே வந்தேன். ஹர்மன்பிரீத், மன்தீப், வருண் குமார், சிம்ரன்ஜீத், குர்ஜந்த், நீலகண்ட சர்மா, சுமித் என்று அந்த அணியின் ஏழு பேர் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடினார்கள். ஹோபார்ட் பையன்கள் ஜெயித்து வந்தபோது நாட்டில் ஹாக்கி லீக் என்று ஒன்று கிடையாது. லக்னோ பையன்களுக்கு இருந்தது. உலகின் பெரிய ஆட்டக்காரர்களோடு ஒரே உடைமாற்றும் அறையில் இருந்தார்கள். அப்புறம், இந்த ஊரின் பங்கு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நம் ஹாக்கி அணிகள் மைசூர் ரோட்டுப் பக்கம் இருக்கும் இந்திய விளையாட்டு ஆணையத்தின் (சாய்) வளாகத்தில்தான் மாட்டிக்கொண்டன. ஜூன் வரை வீட்டு முகம் பார்க்காமல் இங்கேயே கிடந்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி, டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்கு எதிராக 3-1 என்று பின்தங்கியிருந்து 5-4 என்று ஜெயித்து, 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பதக்கம். அன்று இரண்டு கோல் அடித்தவர் லக்னோ இறுதிப் போட்டியில் கோல் அடித்த அதே சிம்ரன்ஜீத்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன். லக்னோவில் கோப்பையைக் கையில் வாங்கிய கேப்டன் ஹர்ஜீத் சிங் ஒரு ஒலிம்பிக்கிலும் ஆடவில்லை. 2013 டெல்லி ஜூனியர் உலகக் கோப்பையில் பத்தாம் இடத்துக்குப் போன அணியின் கேப்டன் மன்பிரீத் சிங், டோக்கியோவில் இந்தியாவின் கேப்டன். பத்தாம் இடத்து அணியிலிருந்தும் ஒலிம்பிக் தலைவன் வருவான் என்று ஒரு இருபது வயதுப் பையனிடம் சொல்லிப் பாருங்கள். அதைப் பாரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சென்னைக்குத் திரும்புகிறேன். ஜெர்மனியிடம் அடிவாங்கிய மூன்றாம் நாள், வெண்கலத்துக்கான ஆட்டம். மூன்று கால்பகுதி முடிந்தபோது அர்ஜென்டினா 2-0 என்று முன்னிலை. கடைசிக் கால்பகுதியில் அங்கித் பால், மன்மீத் சிங், சாரதானந்த் திவாரி, அன்மோல் எக்கா என்று ஆளுக்கொரு கோல், 4-2. ஓரத்தில் நின்ற பயிற்சியாளர் ஸ்ரீஜேஷ், டோக்கியோவில் 3-1 என்று பின்தங்கிய ஆட்டத்தில் கோல்கம்பத்தைக் காத்தவர். தோல்வியிலிருந்து எழுந்து வருவது எப்படி என்று அந்தப் பையன்களுக்குச் சொல்ல அவரைவிட யாருக்குத் தகுதி இருக்கிறது?

நடுவர் அவர்களே, நாங்கள் ஒப்பிடச் சொல்வது பையன்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அல்ல. அந்தக் கூண்டில் நிற்க வேண்டியவர்கள் வேறு. ஹோபார்ட்டுக்குப் பிறகு செய்யத் தவறியது என்ன, லக்னோவுக்குப் பிறகு செய்தது என்ன என்று இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஹாக்கி நிர்வாகத்தைக் கேட்போம். சென்னையில் ஆடிய இந்தப் பையன்களில் எத்தனை பேரைப் பெங்களூர் சீனியர் முகாமுக்கு அழைத்தீர்கள்? ஆண்டுக்கு எத்தனை வெளிநாட்டு ஆட்டம் கொடுத்தீர்கள்? 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் வரைக்கும் பயிற்சியாளரை மாற்றாமல் இருப்பீர்களா? ஒப்பிடக் கூடாது என்று வாயைக் கட்டிவிட்டால் இந்தக் கேள்விகளை யார் கேட்பது? எதிரணி நண்பர்கள் பதில் சொல்லட்டும்.