பத்து வயசுல குண்டா இருந்தா நல்லதா?

அஞ்சு வயசுல, பத்து வயசுல நீங்க எப்படி இருந்தீங்க? ஒல்லியா, சுமாரா, குண்டா?

அமெரிக்காவில் 1989-ல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், ஒரு லட்சத்துக்கும் அதிகமான நர்ஸ்களிடம் இதைக் கேட்டார்கள். மிக ஒல்லியிலிருந்து மிகக் குண்டு வரை ஒன்பது உருவப் படங்கள். அதுல உங்க சின்ன வயசு உருவம் எதுன்னு தேர்ந்தெடுக்கணும். பிறகு பல வருஷம் அவர்களின் உடல்நிலையைக் கவனித்தார்கள். சிறுவயதில் குண்டாக இருந்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைவாகவே வந்தது!

"ஞாபகத்துல சொன்னதை எப்படிங்க நம்புறது?" நியாயமான கேள்விதான். ஆனா டென்மார்க்கில் ஞாபகத்தை நம்பவில்லை. கோபன்ஹேகன் பள்ளிகளில் அளந்து எழுதிவைத்த உயரம், எடையை எடுத்து 1,17,415 பெண்களை ஆராய்ந்தார்கள். முடிவு 2004-ல் வந்தது. 14 வயதில் உயரத்துக்கேற்ற எடை குறைவாக இருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். அதே திசைதான்.

இதுல ஒரு புதிர் இருக்கு. குண்டான பெண் குழந்தைகள் பொதுவாக சீக்கிரம் வயசுக்கு வருவாங்க. சீக்கிரம் வயசுக்கு வர்றது இந்தப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும். அப்போ கணக்கு தலைகீழா இல்ல இருக்கணும்? ஒரு பகுதி விடை மேமோகிராமில் கிடைக்குது. சிறுவயதில் குண்டாக இருந்தவர்களின் மார்பகத் திசு பிற்காலத்தில் அடர்த்தி குறைவாக இருக்கிறது. அடர்த்தி குறைந்தால் ஆபத்தும் குறைவு. ஆனா அது மட்டுமே முழு விடை இல்லை.

அதுக்காக "பாப்பாவுக்கு இன்னும் ரெண்டு ஸ்பூன் நெய் விடுங்க"ன்னு கிளம்பிடாதீங்க! சின்ன வயசு உடல் பருமன் பெரும்பாலும் கூடவே வளரும். சர்க்கரை நோய், இதய நோயையும் கூட்டிட்டு வரும். மாதவிடாய் நின்ற பிறகு கதையே மாறுது. அப்போ கொழுப்புத் திசுதான் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தி செய்யும். அதனால அந்த வயசுல அதிக எடை ஆபத்தைக் கூட்டும்.

பழைய ஸ்கூல் போட்டோவை மாத்த முடியாது. நடை, உடற்பயிற்சி, மதுவைத் தவிர்ப்பது, பின்னாளில் எடை ஏறாம பார்த்துக்கிறது, இதெல்லாம் நம்ம கையில இருக்கு.

முக்கியமா ஒண்ணு. இந்த எண்கள் லட்சம் பேரைப் பற்றியவை, உங்க ஒருத்தரைப் பற்றியவை அல்ல. குண்டா இருந்தவங்களுக்கும் புற்றுநோய் வந்திருக்கு, ஒல்லியா இருந்த பெரும்பாலானவங்களுக்கு வரவே இல்லை. அதனால மார்பில் புதுசா கட்டி, தோல் சுருக்கம், காம்பில் ரத்தக் கசிவு தெரிஞ்சா, வலி இல்லைன்னாலும் தள்ளிப்போடாம டாக்டரைப் பாருங்க. அம்மாவுக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!